ஈன்ற ஆட்டின் மடி ஒரு பக்கம் கெட்டிப்பட்டால்

கேள்வி இது: தலைச்சேரி ஆடு, இரண்டாவது ஈத்து, இரட்டைக் குட்டி. ஈன்று 8 நாள் ஆகிறது. இடது மடி பெருத்துக் கெட்டியாக இருக்கிறது. குட்டிகள் இரண்டும் வலது காம்பையே பிடிக்கின்றன. இடது காம்பு நுனியில் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஒரு குட்டி முதுகைக் கூனிக்கொண்டு கத்திக்கொண்டே நிற்கிறது. காம்பு அடைத்திருக்கிறது, வேப்பங்குச்சியைச் சீவி உள்ளே விட்டால் திறந்துகொள்ளும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். குச்சி, ஊக்கு, ஊசி, சைக்கிள் வால்வு டியூப் எதுவும் காம்புக்குள் போகக் கூடாது. காம்பு நுனியில் இருக்கும் துளை வெறும் ஓட்டை அல்ல. அதன் உட்சுவரில் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. பால் வெளியே வரும், கிருமி உள்ளே போகாது என்ற ஏற்பாட்டுக்கு அதுதான் பூட்டு. குச்சி அந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பதோடு, நுனியில் ஒட்டியிருக்கும் கிருமியை மடிக்குள்ளும் கொண்டுபோய் வைக்கும். சாதாரணப் பால்கட்டாக இருந்தது இரண்டே நாளில் மடிநோயாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். உள்ளே தழும்பு விழுந்துவிட்டால் அந்தக் காம்பு அடுத்த ஈத்துக்கும் திறக்காது.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்பு, அந்தக் கெட்டி எந்த வகை என்று கையால் பார்த்துவிட வேண்டும். ஆட்டு மடி நடுச்சுவரால் பிரிந்த இரண்டு தனித்தனி அறை. ஒரு பக்கத்துப் பால் மறுபக்கம் போகாது. அதனால் நல்ல பக்கம் எப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையருகிலேயே இருக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, புறங்கையை இரண்டு பக்கமும் மாறி மாறி வைத்து எது சூடு என்று பாருங்கள். பிறகு விரலால் 5 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். பிறகு இடது காம்பில் நாலைந்து பீர் (ஒரு பீர் என்பது ஒருமுறை பீய்ச்சினால் வரும் பால்) பீய்ச்சி, ஒரு கருப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள். கடைசியாக, மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துக் காய்ச்சல் பாருங்கள். ஆட்டுக்கு 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. உச்சி வெயிலில் நின்ற ஆட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், ஆகவே காலையில் பார்ப்பது நல்லது. 104-ஐத் தாண்டினால் காய்ச்சல்தான்.

இப்போது கெட்டிகளைப் பிரித்துச் சொல்கிறேன். பால்கட்டு என்றால் மடி பந்து போல விம்மிப் பளபளக்கும், சூடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், பால் வெள்ளையாக வரும், முழுக்கக் கறந்ததும் மடி துணிப்பை போலத் தளர்ந்துவிடும். நீர்க்கோவை என்றால் அழுத்திய இடத்தில் விரல் பதிந்த குழி சில விநாடி அப்படியே நிற்கும், பால் நன்றாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. இது தலைஈத்து ஆடுகளிலும், சினையின் கடைசி மாதத்தில் அடர்தீவனம் அதிகம் தின்ற ஆடுகளிலும் வரும், பெரும்பாலும் இரு பக்கமும் வரும், சில நாளில் வடியும். மடிநோய் என்றால் சூடு, சிவப்பு, தொட்டால் உதைப்பது, கறந்தும் இளகாத கெட்டி. பாலில் திரி, கட்டி, மஞ்சள் நீர், சில சமயம் இரத்தம். நான்காவது வகை அபூர்வம்: ஈன்ற அன்றே இரு பக்கமும் மரக்கட்டை மாதிரி, சூடும் இல்லை, வலியும் இல்லை, பாலும் இல்லை. மூட்டுவாத மூளையழற்சி வைரஸ் பிடித்த ஆடுகளில் மடி இப்படி இருக்கும். சானன், ஆல்பைன் போன்ற அயல் கறவை இனக் கலப்பு என்றால் இதை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும். இதற்கு மருந்து கிடையாது. சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும் என்பதால் அந்தக் குட்டிகளுக்கு வேறு நல்ல ஆட்டின் சீம்பால் தேவை.

பாலில் லேசான இளஞ்சிவப்பு மட்டும் தெரிந்து, சூடும் கட்டியும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஈன்ற முதல் வாரத்தில் மடியின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைவதால் வரும். முரட்டுத்தனமாகக் கறக்காமல் இருந்தால் தானாக நிற்கும்.

உங்கள் ஆட்டின் கதை எனக்கு இப்படிப் படுகிறது. ஈன்ற அன்று காம்பு நுனியில் மெழுகு போல ஓர் அடைப்பு இருக்கும். பிறந்த குட்டிக்கு அதை உறிஞ்சித் தள்ளும் வலு எப்போதும் இருப்பதில்லை. எது எளிதாக வருகிறதோ அந்தக் காம்பையே இரண்டு குட்டியும் பழகிக்கொள்ளும். மறுபக்கம் பால் தேங்கி, காம்பும் பெருத்து, அந்தச் சின்ன வாய்க்குள் அடங்காத அளவுக்கு வந்துவிடும். ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகளில் காம்பு இயல்பிலேயே நீண்டு தடித்திருப்பதால் இது இன்னும் அதிகம். தேங்கிய பாலில் பிறகு கிருமி ஏறுகிறது. அதனால்தான் ஈன்ற அரை மணி நேரத்துக்குள், குட்டியை விடும் முன்பே, இரண்டு காம்பிலும் இரண்டு மூன்று பீர் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வது. ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்குத்தான் இந்த 8 நாள் கணக்கு.

சோதித்ததில் பால்கட்டுதான் என்று தெரிந்தால், தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் மடியில் வையுங்கள். மேலிருந்து காம்பு நோக்கி மெதுவாக நீவிவிட்டு முழுக்கக் கறந்துவிடுங்கள். காம்பைக் கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறக்காதீர்கள். மேலே இரு விரலால் அடைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடிக் கறப்பதுதான் சரி. நாளைக்கு 4 முறை. கறந்து காம்பு சுருங்கியதும் பசியோடு இருக்கும் குட்டியை அந்தக் காம்பில் வாய் வைக்க விடுங்கள், நல்ல பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். நீர்க்கோவைக்கும் இதே ஒத்தடமும் நீவலும் போதும். உப்பையும் அடர்தீவனத்தையும் சில நாள் குறைத்து, ஆட்டைக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

மடிநோய் என்றால் வேலை வேறு. நோயுள்ள பக்கத்தைக் கடைசியில் கறக்க வேண்டும். கறந்த பாலைத் தரையில் விடாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்த பாத்திரத்தில் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே குழியில் ஊற்றுங்கள். தரையில் விட்டால் அதே இடத்தில் ஆடு படுக்கும், கிருமி அடுத்த மடிக்குப் போகும். 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கறப்பது பாதி வைத்தியம், ஏனென்றால் ஒவ்வொரு கறவையும் கிருமியையும் அதன் நஞ்சையும் வெளியே கொண்டுவருகிறது. மடி கொதித்தால் குளிர்ந்த நீர்த்துணி போடுங்கள், கறப்பதற்குச் சற்று முன் மட்டும் வெதுவெதுப்பு. குட்டிகளை அந்தக் காம்பில் விடாதீர்கள். கெட்ட பாலைக் குடிப்பதோடு, அதே வாயால் நல்ல காம்புக்கும் கிருமியைக் கொண்டுபோகும். பருத்தித் துணியில் மடிக்கு ஒரு பை தைத்து ஒரு பக்கம் மட்டும் மூடலாம், அல்லது காம்பைச் சுற்றி மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டலாம். இறுக்கிச் சுற்றக் கூடாது. ஒவ்வொரு கறவையிலும் பிரித்துப் புதிதாக ஒட்டுங்கள்.

எந்த நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது: முதல் ஊசி போடும் முன்பே பால் மாதிரி எடுக்க வேண்டும். காம்பு நுனியைச் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு பீரைக் கீழே விட்டுவிட்டு, கொதிநீரில் போட்டெடுத்த சிறு குப்பியில் 5 மி.லி. பிடித்து, ஐஸ் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளிலும், மாவட்டங்களில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளிலும் விசாரியுங்கள். முதல் மருந்து கேட்காவிட்டால் இரண்டாவது எது என்று இருட்டில் தேட வேண்டியிருக்காது.

காம்பு வழியே ஏற்றும் டியூப் மருந்து மாட்டுக்காகச் செய்தது. ஒரு டியூப்பைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு முழு டியூப். முனையை முழுக்க உள்ளே தள்ளாமல், நுனி மட்டும் 3 மி.மீ. அளவுக்கு நுழைந்தால் போதும். ஆழமாகத் தள்ளினால் மேலே சொன்ன அதே பூட்டுதான் உடையும். ஏற்றும் முன் முழுக்கக் கறந்திருக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடைத்திருக்க வேண்டும், ஏற்றியபின் நுனியைப் பிடித்துக்கொண்டு மருந்தை மேல்நோக்கி நீவிவிட வேண்டும். ஊசியோ டியூப்போ, சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். இரண்டாம் நாள் வீக்கம் குறைந்ததும் நிறுத்தியதால் திரும்பி வந்த மடிநோய்தான் கடைசியில் மடிக்குள் கட்டியாக நின்றுவிடுகிறது. டியூப் உறையில் பால் கொட்ட வேண்டிய நாள் என்று எழுதியிருப்பது மாட்டுக் கணக்கு. ஆட்டுக்கு அதைவிடக் கூடுதல் நாள் விட வேண்டும், மருத்துவரிடம் எண்ணிக்கை கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு மனிதர்களின் டைக்ளோஃபெனாக் ஊசியைப் போட்டுவிடாதீர்கள். 2006 முதல் கால்நடைக்கு அது தடை. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால் வந்த தடை அது. மெலோக்சிகாம் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

சோற்றுக்கற்றாழைப் பூச்சைப் பற்றியும் கேட்பீர்கள். மாட்டுக்குப் பரிந்துரைக்கும் அளவு: கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், சிவந்த விழுதாக அரைத்து, ஒரு கை அள்ளித் தண்ணீரில் கரைத்து, கறந்து கழுவிய மடியில் நாளைக்கு 10 முறை, 5 நாள். ஆட்டு மடிக்கு இதில் கால் பங்கு போதும். தொடக்க நிலையில் வீக்கம் நன்றாக வடிகிறது. ஆனால் கற்றாழையின் கசப்பு காம்பில் இருந்தால் குட்டி வாயே வைக்காது, நல்ல பக்கத்துக்கும் சேர்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குட்டியை விடும் முன் வெந்நீரில் கழுவிவிடுங்கள். காய்ச்சல் 104-க்கு மேல் இருக்கும்போது பூச்சை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள்.

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. காலையில் சூடாக இருந்த மடி மாலையில் சில்லென்று ஆகிறது. தோல் நீலம் பாய்ந்து பிறகு கருக்கிறது. காம்பைப் பீய்ச்சினால் பாலுக்குப் பதில் சிவந்த நீர், சில சமயம் காற்றுக் குமிழோடு வருகிறது. அந்தப் பக்கத்துப் பின்னங்காலை அகட்டி நொண்டும், தீவனத்தைத் தொடாது. இது மடி அழுகல். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் நஞ்சு இரத்தக் குழாயை அடைத்து மடியைச் சாகடிக்கிறது. கைக்குச் சில்லென்று இருப்பதை ‘வீக்கம் தணிந்துவிட்டது’ என்று தப்பாக நினைப்பவர்கள் நிறைய. ஆடு ஓரிரு நாளில் செத்துவிடலாம். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். நரம்பில் மருந்து, குளுக்கோஸ், வலி மருந்து எல்லாம் உடனே வேண்டும். பிழைத்தாலும் கருத்த பகுதி சில வாரங்களில் கழன்று விழும். அதுவரை புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்ப்பதே பெரிய வேலை: பொவிடோன் அயோடினால் கழுவி, புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுங்கள். மடியின் உயிரைக் காப்பாற்ற முடியாது, ஆட்டின் உயிரைக் காப்பாற்றலாம்.

இனி காம்புப் பொருக்கு. குட்டிகளின் உதட்டைத் திருப்பிப் பாருங்கள். உதட்டு ஓரத்திலும் மூக்கருகிலும் மரு போன்ற தடித்த பொருக்கு இருந்தால் அது வாய்ப்புண் வைரஸ். குட்டி வாயிலிருந்து தாயின் காம்புக்கு வருகிறது. தாய்க்கு வலிப்பதால் குடிக்க விடாது, பால் தேங்கும், அடுத்து மடிநோய். பெரும்பாலும் 3, 4 வாரத்தில் தானாக ஆறும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், உதிர்ந்த பொருக்கில் வைரஸ் காய்ந்த கொட்டகையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி வாய்க்குப் போரோகிளிசரின், காம்புக்கு மஞ்சள் கலந்த தேங்காய் எண்ணெய். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இது நம் விரலுக்கும் வரும். காய்ச்சலோடு முகம், வாலடி, மடி என முடியில்லாத இடமெல்லாம் கொப்புளம் என்றால் அது ஆட்டு அம்மை, மந்தைக்கே தடுப்பூசி பற்றிப் பேச வேண்டும். உதட்டில் ஒன்றுமில்லை, காம்பில் மட்டும் கீறல் என்றால் குட்டியின் பல்லோ சீமைக்கருவேல முள்ளோ காரணமாக இருக்கும். ஆட்டுக்குட்டி கீழ் முன்பல்லோடுதான் பிறக்கிறது, பால் போதாத குட்டி காம்பைக் கடித்து இழுக்கும். கீறலுக்குப் பொவிடோன் அயோடினும், வெடிப்புக்குக் கிளிசரினும் போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுக் கழுவுவதாக இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பில் இருக்கட்டும், கத்தரிப்பூ நிறம் தோலைச் சுட்டுவிடும். முள் கிழித்து, கிழிசல் வழியாகவே பால் கசிந்தால் அன்றே தையல் போட வேண்டும். நாள் போனால் அங்கே நிரந்தர ஓட்டை விழும்.

கூனி நிற்கும் அந்தக் குட்டியை இன்றே கவனியுங்கள். மடியைத் தொடும் முன்பே மடிக்கோளாறைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குட்டிதான். 2.5 கிலோ எடையுள்ள 8 நாள் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 350 மி.லி. பால் வேண்டும். வலது மடியில் கிடைப்பதோடு, காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை உடல்சூட்டில், வேளைக்கு 80 முதல் 100 மி.லி., 3 வேளை புட்டியில் கொடுங்கள். தண்ணீர் கலக்காதீர்கள். குட்டியை நிற்க வைத்து, கழுத்தைச் சற்றே உயர்த்தி, தானாக உறிஞ்ச விடுங்கள். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய் அடுத்த நாள் மூச்சிரைக்கும். உடல் சில்லென்று இருக்கும் குட்டிக்கு முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றிவிட்டுத்தான் பால். இரண்டு நாளைக்கு ஒருமுறை தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள், எடை ஏறவில்லையென்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம்.

மற்ற ஆடுகளையும் பார்த்துவிடுங்கள். பசித்த குட்டி பக்கத்து ஆட்டிடம் திருட்டுப் பால் குடிக்கப் போகும்போது கிருமியும் கூடவே போகிறது. மந்தையில் பல ஆடுகளுக்கு ஒரே சமயத்தில் பால் வற்றி, கண் சிவந்து, மூட்டும் வீங்கினால் அது மைக்கோபிளாஸ்மா கிருமியின் வேலையாக இருக்கலாம். அதற்குச் செல்சுவரே கிடையாது என்பதால், செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்து வேலை செய்யாது. வெளியே தெரியாத மடிநோயைப் பிடிக்க 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, இரண்டு கிண்ணத்தில் இரு பக்கத்துப் பாலையும் தனித்தனியே சம அளவு கலந்து சுழற்றிப் பாருங்கள். குழகுழவென்று கெட்டிப்படும் பக்கத்தில் நோய் இருக்கலாம். ஆட்டுப் பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம் என்பதால் லேசாகக் கெட்டிப்படுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு கிண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். சீம்பால் நாட்களில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

கொட்டகைத் தரை ஈரமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஈனும் ஆட்டுக்குத் தனி மூலை, அடியில் சுண்ணாம்புத் தூள், மேலே காய்ந்த வைக்கோல், ஈரமானதை அன்றே மாற்றுவது. கறக்கும் ஆடுகளுக்குக் கறவை முடிந்ததும் காம்பை 5 சதவீதப் பொவிடோன் அயோடினில் முக்கி எடுங்கள். 10 சதவீதம்தான் கிடைத்தால் சம அளவு சுத்தமான தண்ணீர் சேருங்கள். காம்புத் துளை மூடச் சுமார் அரை மணி ஆகும், அதுவரை படுக்காமல் இருக்க முன்னால் தீவனம் போடுங்கள்.

பால் மறக்கடிக்கும்போது இன்னொரு ஆபத்து. 3 மாதத்தில் குட்டிகளைப் பிரிப்பதாக இருந்தால் 4, 5 நாள் முன்பே தாயின் அடர்தீவனத்தை நிறுத்தி, வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும் மட்டும் கொடுங்கள். பிரித்தபின் தினமும் கொஞ்சம் கறந்துவிடுவது பரிவு போலத் தெரியும், ஆனால் அது பால் சுரப்பை நிறுத்தவே விடாது. மடி மிகவும் விம்மினால் மூன்றாம் நாள் ஒருமுறை மட்டும் கறந்து, அயோடின் தொட்டு விட்டுவிடுங்கள்.

இடது மடி முழுக்கக் குணமானதா என்பதைப் பால் வற்றியபின் தடவிப் பாருங்கள். பஞ்சு போல மெத்தென்று இருந்தால் அடுத்த ஈத்தில் கவலையில்லை. உள்ளே புளியங்கொட்டை, எலுமிச்சை அளவுக் கட்டிகள் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் இனிப் பால் தராது, ஒரு குட்டிக்கு மட்டும் ஒற்றை மடியில் பால் போதும். அப்படிப்பட்ட ஆட்டை வைத்துக்கொண்டால் அடுத்த இரட்டையில் ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் என்று இப்போதே கணக்கில் வையுங்கள். கறிக்கு விற்பதாக இருந்தால், கடைசி ஊசி போட்ட தேதியைக் குறித்து, மருத்துவர் சொன்ன இடைவெளி முடிந்தபின் விற்றுவிடுங்கள்.